அக்கா மறைத்து வைத்த புண்

"குழந்தையைக் கொஞ்சம் பிடிங்கக்கா, பால் பொங்கிடப் போகுது, அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்" என்று நீட்டினேன். அக்கா கையை நீட்டவில்லை. "எனக்கு ஜலதோஷமா இருக்கும்மா, பச்சைக் குழந்தை... வேணாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார்.

மூன்று வாரமாக அதே ஜலதோஷம்! தும்மல் கிடையாது, இருமல் கிடையாது, குரலில் ஒரு கமறல் கூடக் கிடையாது. ஆனால் குழந்தையைத் தூக்கச் சொன்னால் மட்டும் ஜலதோஷம் வந்துவிடும். பிள்ளை பெறாதவர், குழந்தை என்றால் உயிரை விடுகிறவர், என் மகளையே ஒரு காலத்தில் தோளிலிருந்து இறக்காமல் வைத்திருந்தவர். எனக்கு மனசுக்குள் ஏதோ நெருடியது. சில சமயம் கோபமாகக்கூட வந்தது என்பதை மறைப்பானேன்?

இது நடந்தது 2019-ல். மகளின் முதல் பிரசவத்துக்குத் துணையாகத் திருச்சியிலிருந்து இங்கிலாந்து போயிருந்தேன். அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் மூத்த சகோதரியை. நாத்தனார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்காதான். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த நாட்டிலேயே இருப்பவர். அத்திம்பேர் காலமான பிறகு தனியாக ஒரு சின்ன வீட்டில். என் மகள் வீட்டிலிருந்து இரண்டே தெரு. 2014-ல் அவருக்கு வலது மார்பில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்து மார்பை எடுத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள், தினமும் ஒரு மாத்திரை. "எல்லாம் சரியாப் போச்சு" என்று டெலிபோனில் சொன்னார். நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் மிளகு ரசம் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று துவைத்த துணிகளை மடிக்கப் போனேன். கூடைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே பழைய பருத்தித் துண்டுகள், சதுரம் சதுரமாகக் கிழித்தவை. துவைத்தும் போகாத ரத்தக் கறை, மஞ்சள் கறை. பையைத் திறந்ததுமே ஒரு வாடை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா சமீப காலமாக ஏன் இவ்வளவு ஓடிகோலோன் பூசுகிறார், ரவிக்கை போடாமல் ஏன் அத்திம்பேரின் தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறார், குழந்தையை ஏன் நெஞ்சோடு அணைக்கமாட்டேன் என்கிறார்... எல்லாவற்றுக்கும் பதில் அந்தப் பையில் இருந்தது.

குளித்துவிட்டு வந்தவர் என் கையில் பையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தனை நாளா அக்கா?"

"...ஒரு வருஷம் இருக்கும். முதல்ல தழும்பு ஓரமா மிளகு மாதிரி ரெண்டு வந்துது. அப்புறம் பெருசாச்சு. ஒண்ணு உடைஞ்சு போச்சு."

"டாக்டர்கிட்ட?"

"ரெண்டு தடவை வரச் சொல்லிக் கடிதாசு வந்துது. நான் போகல. போய் என்ன பண்ணப் போறேன் சொல்லு? அறுக்க வேண்டியதை அறுத்தாச்சு, பொசுக்க வேண்டியதைப் பொசுக்கியாச்சு. மறுபடியும் கீமோதெரபி, முடி கொட்டி, வாந்தி எடுத்து... தனியா இருக்கறவளுக்கு அதெல்லாம் எதுக்கும்மா?"

காட்டச் சொன்னேன். தயங்கித் தயங்கிக் காட்டினார். தழும்பை ஒட்டி வேர்க்கடலை அளவில் ஏழெட்டுக் கட்டிகள், செக்கச்செவேலென்று. நடுவில் ஒன்று ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாகப் புண்ணாகித் திறந்து கிடந்தது. துணி ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போதெல்லாம் ரத்தம் கசியும் என்றார். வலியைவிட அந்த வாடைதான் அவரைக் கொன்றுகொண்டிருந்தது. "பஸ்ஸிலே பக்கத்து ஸீட்டுக்காரங்க எழுந்து போயிடுவாங்களோன்னு பயந்து நடந்தே போறேன். குழந்தையை எப்படித் தூக்குவேன்?" என்று கேட்டபோது, மூன்று வாரமாக மனசுக்குள் அவரைத் திட்டிய என்னை நானே திட்டிக்கொண்டேன்.

டாக்டர் சொன்ன செய்தி

மறு வாரமே அழைத்துக்கொண்டு போனோம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கட்டியிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனை எல்லாம் முடிந்தன. வந்திருப்பது பழைய மார்புப் புற்றுநோய்தான், தோலில் மறுபடி தலைகாட்டியிருக்கிறது என்றார்கள். எலும்பில் ஓர் இடத்திலும் சின்ன நிழல் இருந்தது. அதற்கு மாத்திரையை மாற்றினார்கள். ஆனால் தோலில் இருக்கும் இந்தக் கட்டிகளை என்ன செய்வது?

இங்கேதான் சிக்கல். மறுபடி அறுக்கலாம் என்றால், ஏற்கெனவே அறுத்துத் தைத்த தோல் விலா எலும்போடு இறுகிக் கிடக்கிறது. இழுத்துத் தைக்க இடமில்லை. கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றால், அந்த இடம் தாங்கக்கூடிய அளவை 2014-லேயே வாங்கிவிட்டது. ரத்தத்தில் மருந்து ஏற்றும் கீமோதெரபி என்றால், கதிர்வீச்சில் காய்ந்த தழும்புத் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவு. மருந்து போதிய அளவு போய்ச் சேராது. மார்பை எடுத்த பிறகு அதே இடத்தில் தோலில் வரும் கட்டிகள் மருத்துவர்களைத் திணற அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த லேடி டாக்டர் பொறுமையானவர். "உங்களுக்கு எலக்ட்ரோகீமோதெரபி செய்து பார்க்கலாம்" என்றார். எலக்ட்ரோ என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஷாக் கொடுக்கப் போகிறார்களா? அறுபத்தேழு வயசுப் பொம்பளைக்கா? சினிமாவில் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று காட்டுவார்களே, அந்தக் காட்சிதான் கண்முன் வந்தது. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது, ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டு விளக்கினார்.

எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன். தேன் நெல்லிக்காய் போட்டிருக்கிறீர்களா? முழு நெல்லிக்காயை அப்படியே பாகில் போட்டால் என்ன ஆகும்? வெளியே மட்டும் இனிக்கும், உள்ளே அதே புளிப்பு. அதனால்தானே முள்கரண்டியால் சுற்றிலும் குத்திவிட்டுப் போடுகிறோம்! அதே கதைதான் இங்கேயும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் மேலே கொழுப்பாலான ஒரு மெல்லிய படலம் உண்டு. ப்ளியோமைஸின் என்று ஒரு புற்றுநோய் மருந்து. செல்லுக்குள் போய்விட்டால் பொல்லாத மருந்து. உள்ளே இருக்கும் மரபு இழைகளைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஆனால் அந்தக் கொழுப்புப் படலத்தைத் தாண்டி உள்ளே போவதுதான் அதற்குப் பெரும்பாடு. வாசலிலேயே நின்றுவிடும்.

அந்த நேரத்தில் கட்டியின் மேல் மிகக் குறுகிய மின் துடிப்புகளைக் கொடுத்தால், படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுகின்றன. மருந்து உள்ளே நுழைகிறது. சில நிமிஷங்களில் துளைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. மருந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது! சோதனைக்கூடத்தில் இப்படிச் செய்து பார்த்தபோது ப்ளியோமைஸினின் வேகம் பல நூறு மடங்கு, சில வகைச் செல்களில் ஆயிரக்கணக்கான மடங்குகூட ஏறியிருக்கிறது. ஸிஸ்பிளாட்டின் என்ற மற்றொரு மருந்துக்கும் இதே முறை உதவுகிறது, ஆனால் இவ்வளவு இல்லை.

ஆகவே புற்றைக் கொல்வது மின்சாரம் அல்ல, மருந்துதான். மின்சாரம் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரி மட்டுமே. இது எனக்குப் புரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

"அப்போ பக்கத்திலே இருக்கற நல்ல செல்லும் செத்துப் போயிடாதா?" என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்விதான். துடிப்பு படும் இடத்தில் மட்டுமே மருந்து உள்ளே போகிறது. உடம்பின் மற்ற இடங்களில் வாசலோடு நின்றுவிடுகிறது. அது தவிர, மரபு இழை வெட்டுப்பட்ட செல் இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் பெரும்பாலும் சாகிறது. ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பது புற்றுச் செல். பக்கத்தில் சும்மா இருக்கும் நல்ல செல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. துடிப்பு பட்டதும் அந்த இடத்து ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. இதனால் ரத்தம் கசியும் கட்டியில் கசிவு நிற்கிறது. உள்ளே போன மருந்தும் சட்டென்று அடித்துக்கொண்டு போகப்படாமல் அங்கேயே தங்குகிறது.

மண்ணில் பிறந்த மருந்து

எதையும் அடிவேர்வரை கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மகளும் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகங்களையும் மற்றவற்றையும் படித்துக் காட்டினார்கள்.

இந்த ப்ளியோமைஸின் புது மருந்து இல்லை. ஜப்பானில் ஹமாவோ உமேஸாவா என்ற விஞ்ஞானி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்து 1966-ல் உலகுக்குச் சொன்னார். காசநோய்க்குப் பயன்பட்ட கானமைஸினைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். மின் துடிப்பின் கதை தனி. 1982-ல் ஜெர்மானியரான எபர்ஹார்ட் நியூமனும் அவருடைய சகாக்களும் எலியின் செல்களுக்குள் மின் துடிப்பின் உதவியால் மரபுப் பொருளை நுழைத்துக் காட்டினார்கள். 1987-ல் ஜப்பானில் ஓகினோ, மோரி என்ற இருவர், ப்ளியோமைஸினையும் மின் துடிப்பையும் சேர்த்து எலிகளின் கட்டியில் சோதித்தார்கள். பாரிஸ் நகரை ஒட்டிய வில்ஜ்யூஃபில் உள்ள குஸ்தாவ் ரூஸி புற்றுநோய் நிலையத்தில் லூயிஸ் மிர் என்பவரின் குழு 1991-ல் முதன்முதலாக மனிதர்களுக்குச் செய்த சிகிச்சையைப் பற்றி எழுதியது. தலையிலும் கழுத்திலும் புற்று வந்து, வேறு வைத்தியம் எதற்கும் மசியாத நோயாளிகள் அவர்கள்.

ஸ்லோவேனியா என்றொரு குட்டி நாடு. அதன் தலைநகரம் லூப்லியானா. அங்கே கிரெகோர் செர்ஷா என்ற புற்றுநோய் ஆராய்ச்சியாளரும் டாமியன் மிக்லாவ்சிச் என்ற மின் பொறியாளரும் இதில் இறங்கினார்கள். ஆராய்ச்சியாளரும் இஞ்சினீயரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் எவ்வளவு நல்லது நடக்கிறது பாருங்கள்! பிறகு லூப்லியானா, வில்ஜ்யூஃப், டென்மார்க்கில் கோபன்ஹேகன், அயர்லாந்தில் கார்க் ஆகிய நான்கு ஊர்களின் மருத்துவர்கள் ஒன்றுகூடி ஒரே முறையில் செய்து பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். 41 நோயாளிகளின் 171 கட்டிகளில் நூற்றுக்கு 85 சுருங்கின. நூற்றுக்கு 74 அடியோடு மறைந்தன. எத்தனை வோல்ட், எத்தனை துடிப்பு, மருந்து எவ்வளவு என்ற விதிமுறையையும் அப்போதே எழுதி வைத்தார்கள். அதனால்தான் இன்று ஐரோப்பாவின் பல ஆஸ்பத்திரிகளில் ஒரே மாதிரி இதைச் செய்ய முடிகிறது. இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சை தகும், எது தகாது என்று வழிகாட்டும் 'நைஸ்' என்ற அமைப்பு 2013-ல் இதைப் பரிசீலித்து, தோலில் பரவிய கட்டிகளின் தொல்லையைக் குறைக்க இதைச் செய்யலாம், ஆனால் பல துறை மருத்துவர்களும் கூடித்தான் நோயாளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

தொல்லையைக் குறைக்க என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அக்காவின் டாக்டரும் அதை ஒளிக்கவில்லை. "இது உங்கள் புற்றுநோயை உடம்பைவிட்டு ஓட்டாது. எலும்பில் இருப்பதை இது தொடாது. ஆனால் இந்தப் புண்ணை ஆற்ற முயற்சி செய்யலாம்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா பேசவே இல்லை. கதவைத் திறந்துகொண்டே, "புண்ணு ஆறினாப் போதும்மா. அது போதும் எனக்கு" என்றார்.

அந்த நாள்

முன்கூட்டியே நிறையக் கேள்வி கேட்டார்கள். நுரையீரலில் கோளாறு உண்டா, சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, முன்பு ப்ளியோமைஸின் ஏற்றியதுண்டா என்று. இந்த மருந்து அளவுக்கு மீறினால் நுரையீரலைக் கெட்டிப்படுத்திவிடும். அதனால் ஒருவருடைய ஆயுளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பே இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இது கூடாது.

அன்று காலை அக்கா விபூதி இட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு கிளம்பினார். நர்ஸ் ஒருத்தி நடப்பதையெல்லாம் முன்பே எங்களுக்குச் சொல்லிவிட்டாள். கட்டி ஒன்றிரண்டாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிடுவார்களாம். அக்காவுக்குப் பல கட்டிகள் என்பதால் முழு மயக்கம். மயக்கம் கொடுத்த பிறகு கை நரம்பில் மருந்தை ஏற்றுகிறார்கள். உடனே துடிப்பைக் கொடுப்பதில்லை. எட்டு நிமிஷம் காத்திருக்கிறார்கள். மருந்து ரத்தத்தோடு போய்க் கட்டிக்குள் பரவ வேண்டுமல்லவா! அதன் பிறகு சுமார் இருபது நிமிஷத்துக்குள் எல்லாக் கட்டிகளையும் முடித்தாக வேண்டும். தாமதித்தால் ரத்தத்தில் மருந்து குறைந்துவிடும். பலகாரத்துக்குப் பாகு பதம் பார்க்கிற மாதிரிதான். முந்தினாலும் ஆகாது, பிந்தினாலும் ஆகாது.

கைப்பிடியோடு கூடிய ஒரு கருவி, நுனியில் ஊசிகள். அறுகோணமாக ஆறும், நடுவில் ஒன்றும். அதைக் கட்டியில் பதித்து, காலால் ஒரு மிதி. ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஆயிரம் வோல்ட் என்ற கணக்கில் மின்சாரம் பாய்கிறது. ஆயிரமா! நம் வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தானே என்று பதறிவிட்டேன். நர்ஸ் சிரித்தாள். ஒரு துடிப்பு நீடிப்பது ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அப்படி எட்டுத் துடிப்புகள். எட்டையும் கூட்டினாலும் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை! கண் இமைப்பதற்கு அதைப்போல நூறு மடங்கு நேரம் ஆகும். ஒவ்வொரு தடவையும் பக்கத்துத் தசைகள் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், அதனால்தான் மயக்கம் என்றாள். கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்து, கட்டிகளையும் அவற்றின் ஓரத்தையும் சேர்த்து முடிக்கிறார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்திருந்தோம். கந்த சஷ்டிக் கவசத்தை எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. மாதக்கணக்கில் ஏற்றும் கீமோதெரபியைப் போலல்லாமல் மருந்து ஒரே ஒரு தடவைதான் என்பதால் அந்தத் தொந்தரவுகள் குறைவு.

ஆறுவதற்கு முன் அழுகிற மாதிரி இருக்கும்

இதை நான் எழுதியே ஆக வேண்டும். மறுநாளே மாயம் போல் மறைந்துவிடும் என்று யாரும் நினைக்கக் கூடாது. முதல் பத்து நாள் அந்த இடம் முன்னைவிட மோசமாகத்தான் தெரிந்தது. வீக்கம், எரிச்சல், சிவப்பு. ஊசி குத்திய தடங்கள் வரிசை வரிசையாக. பிறகு கட்டிகள் கறுத்தன. கருகின வடகம் மாதிரி மேலே ஒரு பொருக்கு. அக்காவுக்கு வலி தாங்கவில்லை. ராத்திரியில் மாத்திரை போட்டுக்கொண்டார். "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டாங்களோ?" என்று ஒரு நாள் கேட்டபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்தோம். "இப்படித்தான் இருக்கும், பொருக்கைப் பிய்க்காதீர்கள்" என்றார்கள்.

இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சில நாளைக்கு உடம்பில் எங்கேயும் நகத்தால் சொறியக்கூடாது. அழுத்தி ஒட்டும் பிளாஸ்திரி போடக்கூடாது. ப்ளியோமைஸின் ஏற்றியவர்களுக்குச் சொறிந்த இடமெல்லாம் பழுப்புக் கோடு விழுந்து, மாதக்கணக்கில் மறையாதாம். நான் அக்காவின் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, மெல்லிய மல் துணியில் உறை மாதிரி தைத்துக் கொடுத்தேன். ஒட்டாத கட்டுத்துணிகளை நர்ஸ் தந்தாள். துணி ஒட்டி ரத்தம் வரும் கொடுமை அதோடு நின்றது.

கசிவு நின்றது முதல் வாரத்திலேயே. வாடை போக மூன்று வாரம் ஆயிற்று. அது போன அன்று எப்படித் தெரிந்தது தெரியுமா? அக்கா ஓடிகோலோன் பூசாமலே எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் வந்தேன் என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேரே தொட்டிலுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டார். வலது பக்கம் இன்னும் வலி. என் மகள் சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் பார்த்தபோது சின்னக் கட்டிகள் எல்லாமே தட்டையாகி, பழுப்புப் புள்ளிகளாக மட்டும் இருந்தன. பெரிய புண் முக்கால்வாசி மூடியிருந்தது. அது பெரியது என்பதால் மெதுவாகத்தான் ஆறும் என்றார். மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளில்தான் இந்த வைத்தியம் நன்றாகப் பலிக்கிறது என்று சொன்னபோது, அக்கா என்னைப் பார்த்தார். மிளகு அளவில் இருந்தபோதே வந்திருந்தால் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஆபரேஷன் ஆனவர்கள் இருந்தால், குளிக்கும்போது தழும்பை விரலால் தடவிப் பாருங்கள். மிளகு போல ஒன்று தட்டுப்பட்டாலும் அந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள். எங்கள் அக்கா ஒரு வருஷத்தைத் துண்டுத்துணியில் சுற்றி வைத்தார்; அந்த ஒரு வருஷம் போனது போனதுதான்.

திருச்சிக்குத் திரும்பி வந்ததும் சிநேகிதிகள் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். "உள்ளே இருக்கிற கட்டிக்கு இதைச் செய்வார்களா?" என்று ஒருத்தி. லூப்லியானாவில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போதே, குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளில் நீள ஊசிகளைச் செருகிச் செய்து, 2014-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். இதயத்துக்குப் பக்கத்தில் என்பதால், இதயத் துடிப்புக்கு ஒத்திசைவாகக் கணம் பார்த்து மின்சாரத்தை விடுகிறார்களாம். ஆனால் தோலில் உள்ள கட்டிகளுக்குத்தான் அனுபவம் அதிகம். "கடையிலே விற்கிறானே, உடம்பில் கட்டிக்கொள்கிற கரண்ட் பெல்ட், அது மாதிரியா?" என்று கேட்டாள் இன்னொருத்தி. ஐயோ, வேண்டவே வேண்டாம்! அந்தப் பெல்ட்டுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. மருந்து இல்லாமல் இந்த மின்சாரம் வெறும் குத்தல்தான். இது எல்லா ஆஸ்பத்திரியிலும் உள்ள வைத்தியமும் அல்ல. தனிக் கருவியும் தனிப் பயிற்சியும் வேண்டும். எலக்ட்ரோகீமோதெரபி என்ற பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு, உங்களைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.

டென்மார்க்கில் ஜூலி கேல் என்ற பெண் மருத்துவர் இதை இன்னும் எளிதாக்கப் பார்க்கிறார். ப்ளியோமைஸினுக்குப் பதிலாக வெறும் கால்ஸியத்தை ஊசியில் போட்டு மின் துடிப்பு கொடுக்கிறார்! நம் கேழ்வரகிலும் பாலிலும் இருக்கும் அதே கால்ஸியம். அது அளவுக்கு மீறிச் செல்லுக்குள் புகுந்தால் செல்லின் சக்தியெல்லாம் வடிந்து செத்துப்போகிறதாம். 2018-ல் வெளிவந்த ஒரு சின்னச் சோதனையில், 7 பேருக்குச் செய்ததில், கால்ஸியம் போட்ட கட்டிகளில் நூற்றுக்கு 72-ம், ப்ளியோமைஸின் போட்டவற்றில் 84-ம் சுருங்கின. ஏழே பேர் என்பதால் அவசரப்பட்டு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் விலை மலிந்த, கொடிய பக்கவிளைவு இல்லாத ஒரு பொருள் இந்த வேலையைச் செய்யுமானால் எத்தனை ஏழைப் பெண்களுக்கு உதவும்!

அடுத்த ஆண்டு தழும்பின் மேல் ஓரத்தில் அக்காவுக்கு இன்னும் இரண்டு கட்டிகள் வந்தன. இந்தத் தடவை ஒளிக்கவில்லை. மிளகு அளவில் இருக்கும்போதே போய்ச் சொல்லி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அதே வைத்தியத்தைச் செய்துகொண்டு அன்றே வந்துவிட்டார். "வெடுக்வெடுக்குனு எறும்புக் கூட்டத்திலே கை வெச்ச மாதிரி இருந்துது, அவ்வளவுதான்" என்றார் டெலிபோனில். எலும்பில் உள்ளதற்கு மாத்திரை நடக்கிறது. குறிப்பிட்ட நாளில் ஸ்கேனுக்குப் போகிறார். போகும் முதல் நாள் தூக்கம் வராது என்பார். வந்த பிறகு எனக்குப் போன் செய்வார்.

அப்படி ஒரு தடவை பேசும்போது, "ஊர்லேருந்து யாராவது வந்தா ஆறு ரவிக்கை தெச்சு அனுப்பும்மா. இங்கே தையல் கூலி கொள்ளை. அளவு ரவிக்கை உன்கிட்டதான் பழசு ஒண்ணு இருக்குமே" என்றார். "அந்த அளவேதானா அக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வலது பக்கம் உள்ளே பஞ்சு வெக்கிற மாதிரி ஒரு பை தெக்கச் சொல்லு. துணி மட்டும் நல்ல மல்லா இருக்கணும். மாம்பழக் கலர்லே ஒண்ணு" என்றார்.